கட்சி வேண்டாம் என்றவர்கள் கட்டிய கட்சிகள்!



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்றிருந்தேன். கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் அருகில் வந்தார். "ஹஜ்ரத், இந்தக் கட்சி, கொடி, கூட்டம் எல்லாமே சாக்கடை. அமெரிக்காவைப் பாருங்கள். வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்ற பெரிய மனிதர்கள் கட்சி என்ற பேச்சே இல்லாமல் ஒரு குடியரசைக் கட்டினார்கள். பின்னால் வந்த அரசியல்வாதிகள்தான் கட்சியைக் கொண்டு வந்து கெடுத்தார்கள்" என்றார். சுற்றி நின்ற வாலிபர்கள் தலையாட்டினார்கள்.

தலையாட்டுவது சுலபம். சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதுதான் கஷ்டம். அந்தச் சகோதரருக்கு வாசலில் நின்று கொண்டே கால் மணி நேரம் பதில் சொன்னேன். போதவில்லை. அதைத்தான் இங்கே உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கட்சியைக் கொண்டு வந்தவர்கள் பின்னால் வந்த யாரோ அல்ல. கட்சியைத் திட்டிக் கட்டுரை எழுதிய அதே பெரிய மனிதர்கள்தான்! அதுவும் குடியரசு பிறந்து மூன்று ஆண்டுகள் முடிவதற்குள்! ஏன் ஆரம்பித்தார்கள்? எதற்காகச் சண்டை போட்டார்கள்? யார் யாரைச் சிறையில் தள்ளினார்கள்? இதையெல்லாம் தெரிந்து கொண்ட பிறகு கட்சி சாக்கடையா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சட்டத்தில் பெயரில்லாத பிள்ளை

1787-ஆம் ஆண்டு கோடையில் ஃபிலடெல்ஃபியா நகரில் கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதினார்கள். அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பாருங்கள். அரசியல் கட்சி என்ற பேச்சே அதில் கிடையாது. மறந்து போய் விட்டுவிட்டார்களா? இல்லை. கட்சி என்பது நாட்டைத் தின்னும் நோய் என்று அவர்கள் நம்பினார்கள். இங்கிலாந்தில் கட்சிச் சண்டையைப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள்.

சட்டத்தை வடித்ததில் முக்கியப் பங்கு வகித்த ஜேம்ஸ் மேடிசன், கோஷ்டிகளால் விளையும் கேட்டைப் பற்றி அதே 1787-ல் தனிக் கட்டுரையே எழுதினார். தாமஸ் ஜெஃபர்சன் 1789-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சொர்க்கத்துக்கே ஆனாலும் ஒரு கட்சியோடு சேர்ந்துதான் போக வேண்டும் என்றால் அங்கே போகவே மாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். எவ்வளவு பெரிய வைராக்கியம் பாருங்கள்!

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கட்சியே வராது என்ற நினைப்பில்தான் அமைத்தார்கள். தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவர் ஜனாதிபதி, அடுத்து வந்தவர் துணை ஜனாதிபதி. இரண்டு பேரும் எதிர் எதிர் அணியாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. 1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க்கில் பதவி ஏற்றார். அவரைத் தேர்ந்தெடுக்காத தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் வரை!

கடன் சீட்டில் பிறந்த கட்சி

வியாபாரிகளே, இந்த இடம் உங்களுக்கு. கவனமாகப் படியுங்கள்.

சுதந்திரப் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "இந்தச் சீட்டைக் கொண்டு வந்தால் பிற்பாடு அரசாங்கம் பணம் தரும்." போர் முடிந்தது. சிப்பாய் காயத்தோடு ஊருக்குத் திரும்பினான். நிலத்துக்கு வரி கட்ட வேண்டும், பிள்ளைக்குச் சோறு வேண்டும். சீட்டு பெட்டியில் தூங்கியது. பணம் வரவில்லை. கடைசியில் வந்த விலைக்கு விற்றான். ஒரு டாலர் சீட்டு 20 சென்ட், சில இடங்களில் அதற்கும் கீழே!

வாங்கியது யார்? நகரத்துப் பணக்காரர்கள்.

1790 ஜனவரியில் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் காங்கிரஸில் ஓர் அறிக்கை வைத்தார். மத்திய அரசின் கடன் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர். அதை முழு மதிப்பில் தீர்த்துக் கட்டுவோம். மாநிலங்களின் போர்க் கடனையும் மத்திய அரசே ஏற்றுக் கொள்ளும். யாருக்குப் பணம்? இன்றைக்கு யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்கு!

செய்தி கசிந்தது. கிராமத்துச் சிப்பாய்க்குத் தெரிவதற்கு முன்னால் நகரத்துத் தரகனுக்குத் தெரிந்தது. தென் மாநிலங்களுக்குக் குதிரையிலும் கப்பலிலும் ஆட்கள் பறந்தார்கள். விஷயம் தெரியாத ஏழைகளிடம் மிச்சமிருந்த சீட்டுகளையும் அள்ளிக் கொண்டு வந்தார்கள். சட்டத்துக்கு ஓட்டுப் போட வேண்டிய காங்கிரஸ் உறுப்பினர்களிலேயே பலரிடம் அந்தச் சீட்டுகள் இருந்தன!

மேடிசன் எழுந்தார். கைமாறி வாங்கியவருக்குச் சந்தை விலையைக் கொடுப்போம், மீதியை முதலில் இரத்தம் சிந்திய சிப்பாய்க்குக் கொடுப்போம் என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. மேடிசனுக்கு 13 ஓட்டு. எதிராக 36 ஓட்டு.

ஹாமில்டன் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. சீட்டை வாங்கியவன் யாராக இருந்தாலும் அரசாங்கம் எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாளை இந்த அரசாங்கத்தின் கையெழுத்துக்கு எவனும் காலணா தரமாட்டான் என்பது அவர் வாதம். நாணயம் போனால் வியாபாரம் போச்சு என்பது உங்களுக்குத் தெரியாததா? அவர் திட்டத்தால் அமெரிக்காவின் கடன் நாணயம் உயர்ந்தது உண்மை. ஆனால் கேள்வி அது மட்டுமல்ல. நாணயத்தின் விலையைக் கொடுத்தது யார், லாபத்தை வாங்கியது யார்? சிப்பாய் சீட்டையும் இழந்தான். அந்தச் சீட்டுக்குப் பணம் கொடுக்க அரசாங்கம் போட்ட வரியையும் அவனே கட்டினான்!

இந்தக் கணக்கில்தான் சகோதரர்களே, அமெரிக்காவின் முதல் இரண்டு கட்சிகள் கருவுற்றன.

விருந்தும் வங்கியும்

மாநிலக் கடனை மத்திய அரசு ஏற்கும் திட்டம் முதலில் தோற்றது. விர்ஜினியா போன்ற மாநிலங்கள் தங்கள் கடனில் பெரும் பகுதியை ஏற்கனவே அடைத்திருந்தன. அடைக்காத மாநிலத்தின் கடனுக்கு அடைத்த மாநிலம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 1790 ஜூன் மாதம் ஜெஃபர்சன் வீட்டில் ஒரு விருந்து. ஹாமில்டன் வந்தார். மேடிசன் வந்தார். பேரம் முடிந்தது. கடன் திட்டத்துக்கு வழி விடுவது, பதிலுக்குத் தலைநகரத்தைத் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டு போவது. இன்றைய வாஷிங்டன் நகரம் அங்கே நிற்பதற்கு அந்தப் பேரம் ஒரு காரணம். கட்சியே இல்லாத புனித காலம் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்தில் நடந்தது இது!

அடுத்த ஆண்டு ஹாமில்டன் வங்கியைக் கொண்டு வந்தார். மூலதனம் 1 கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசாங்கத்தினுடையது, மீதி தனியாருடையது. இப்படி ஒரு வங்கி தொடங்க அரசியல் சட்டத்தில் எங்கே அதிகாரம் இருக்கிறது என்று மேடிசனும் ஜெஃபர்சனும் கேட்டார்கள். சொல்லாத அதிகாரமும் சொன்ன அதிகாரத்துக்குள் அடக்கம் என்றார் ஹாமில்டன். 39-க்கு 20 என்ற ஓட்டில் நிறைவேறியது. 1791 பிப்ரவரி 25-ல் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் பங்கு விற்பனை. 25 டாலர் கட்டி வாங்கிய சீட்டு ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் 300 டாலரைத் தாண்டியது! பிறகு மளமளவென்று சரிந்தது. நிதித் துறையில் ஹாமில்டனுக்குத் துணையாக இருந்து விலகிய வில்லியம் டூயர் என்பவர் கடைக்காரர், விதவை, சந்தைக்காரி என்று பாராமல் கடன் வாங்கிச் சூதாடினார். 1792 மார்ச்சில் முறிந்து கடன்காரர் சிறைக்குப் போனார். நியூயார்க்கே அலறியது. "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது இதைத்தான்!" என்று ஜெஃபர்சன் தரப்பு கொதித்தது.

ஹாமில்டன் பக்கம் நின்றவர்கள் ஃபெடரலிஸ்டுகள் எனப்பட்டார்கள். ஜெஃபர்சன், மேடிசன் பக்கம் நின்றவர்கள் ரிபப்ளிகன்கள் எனப்பட்டார்கள். இன்று அமெரிக்காவில் ரிபப்ளிகன் என்ற பெயரில் இருப்பது 1854-ல் தோன்றிய வேறு கட்சி. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டு பத்திரிகை, ஒரு மந்திரிசபை

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

ஜான் ஃபென்னோ என்பவர் அரசாங்கத்தைப் புகழ்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார். நிதித் துறையின் அச்சு வேலை அவருக்குக் கிடைத்தது. இதற்குப் பதிலடி கொடுக்க 1791 அக்டோபரில் ஃபிலிப் ஃபிரெனோ என்ற கவிஞர் இன்னொரு பத்திரிகை தொடங்கினார். அவருக்குச் சாப்பாட்டுக்கு வழி? வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை, ஆண்டுக்கு 250 டாலர் சம்பளம். வேலை கொடுத்தது யார்? வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜெஃபர்சன்! தான் மந்திரியாக இருக்கும் அரசாங்கத்தைத் தாக்கும் பத்திரிகையாளனுக்கு அதே அரசாங்கத்தின் சம்பளம்! சொர்க்கத்துக்குக்கூடக் கட்சியோடு போக மாட்டேன் என்றவரின் செயல் இது.

ஹாமில்டன் மட்டும் சும்மா இருந்தாரா? மந்திரி நாற்காலியில் உட்கார்ந்து கொண்டே 1792-ல் புனைபெயரில் ஜெஃபர்சனைத் தாக்கி எழுதினார். ஒரே மந்திரிசபை, இரண்டு படை. நடுவில் வாஷிங்டன் தலையில் கை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாங்கள் தேசம், நீங்கள் கோஷ்டி!"

1793-ல் பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இறங்கின. அமெரிக்கா யார் பக்கம்? இரு பக்கமும் இல்லை என்று வாஷிங்டன் அறிவித்தார். மக்கள் மனம் அப்படி இல்லை. மன்னனை வீழ்த்திய பிரான்சை ஆதரித்து ஊர் ஊராக ஜனநாயகச் சங்கங்கள் முளைத்தன. கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் அவற்றில் சேர்ந்து தீர்மானம் போட்டார்கள், அரசாங்கத்தைக் கேள்வி கேட்டார்கள்.

1794-ல் மேற்குப் பென்சில்வேனியாவில் சாராய வரியை எதிர்த்துக் கலகம் எழுந்தது. வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 படையினரை அனுப்பி அடக்கினார். பிறகு காங்கிரஸில் பேசும்போது, தானாக முளைத்த சங்கங்கள் என்று சொல்லி அந்த ஜனநாயகச் சங்கங்களைக் குற்றம் சாட்டினார்.

சிந்தியுங்கள் சகோதரர்களே! தானாக முளைத்ததாம்! அரசாங்கம் விதை போட்டால்தான் மக்கள் முளைக்க வேண்டுமா? சுதந்திரப் போரை நடத்திய குழுக்களே தானாக முளைத்தவைதானே? நாம் கூடினால் அது தேசம், நீ கூடினால் அது கோஷ்டி! ஆட்சியில் இருப்பவனின் நாக்கு உலகம் முழுவதும் இப்படித்தான் புரளும்.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளில் 250-க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தது. சமரசம் பேச ஜான் ஜே லண்டனுக்குப் போனார். 1794 நவம்பரில் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை செனட் சபை இரகசியமாக விவாதித்து, 1795 ஜூனில் 20-க்கு 10 என்ற ஓட்டில் ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஓர் ஓட்டுக்கூட உபரி இல்லை! செய்தி வெளியானதும் ஊர் ஊராக ஜான் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேச வந்த ஹாமில்டன் மேல் நியூயார்க்கில் கல் விழுந்தது. அதுவரை சபைக்குள் நடந்த சண்டை தெருவுக்கு வந்தது. அப்போதுதான் கோஷ்டி முழுக் கட்சியாக வளர்ந்தது.

1796 செப்டம்பரில் வாஷிங்டன் பிரியாவிடை அறிக்கை வெளியிட்டார். கட்சி உணர்வு கேடு, அதில் சிக்காதீர்கள் என்று உருக்கமாகச் சொன்னார். இன்றைக்கும் அதை வாய்க்கு வாய் பேசுகிறார்கள். ஆனால் அந்த அறிக்கையின் பெரும் பகுதியை எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? ஃபெடரலிஸ்ட் கட்சியின் மூளையாக இருந்த அதே ஹாமில்டன்! கட்சி வேண்டாம் என்ற உபதேசமே ஒரு கட்சித் தலைவரின் பேனாவில் வந்தது. வாஷிங்டனின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த உபதேசத்தால் யாருக்கு லாபம் என்றுதான் கேட்கிறேன்.

கையால் எழுதிய ஓட்டுச் சீட்டுகள்

வாலிபர்களே, இது உங்களுக்கு.

ஜான் பெக்லி என்று ஒருவர். இங்கிலாந்திலிருந்து 11 வயதில் ஒப்பந்த ஊழியனாக விர்ஜினியாவுக்கு அனுப்பப்பட்டவர். கையெழுத்து அழகாக இருந்ததால் எழுத்தர் வேலை. உழைத்து முன்னேறிப் பிரதிநிதிகள் சபையின் எழுத்தர் பதவிக்கு வந்தார். மேடையில் முழங்கியவர் அல்ல. பெரிய குடும்பத்துப் பிள்ளையும் அல்ல.

1796 தேர்தலில் பென்சில்வேனியாவில் ஓட்டுப் போடுகிறவர் 15 தேர்வாளர்களின் பெயர்களைக் கையால் எழுதிய சீட்டைக் கொண்டு வர வேண்டும். அச்சடித்த சீட்டு செல்லாது. பட்டறையிலும் வயலிலும் வேலை செய்கிறவன் 15 பெயரை எங்கே நினைவு வைத்து எழுதுவான்? பெக்லி என்ன செய்தார்? ஆட்களைத் திரட்டிச் சுமார் 30,000 சீட்டுகளைக் கையாலேயே எழுத வைத்து மாநிலம் முழுவதும் அனுப்பினார். முடிவு? 15 தேர்வாளர்களில் 14 பேர் ஜெஃபர்சனுக்கு ஓட்டுப் போட்டார்கள்! நாடு முழுவதும் பார்த்தால் ஜான் ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. மூன்றே ஓட்டில் ஜெஃபர்சன் தோற்றார். எதிர் அணிக்காரரான அவரே துணை ஜனாதிபதியும் ஆனார். கட்சியே வராது என்று நம்பி எழுதிய சட்டம் முதல் சோதனையிலேயே பல்லிளித்தது.

பெக்லிக்குப் பரிசு? அடுத்த ஆண்டு ஃபெடரலிஸ்டுகள் அவரை எழுத்தர் பதவியிலிருந்து தூக்கி எறிந்தார்கள். ஜெஃபர்சன் வென்ற பிறகுதான் அந்த வேலை திரும்பக் கிடைத்தது.

பேச்சு எல்லோருக்கும் வரும். உட்கார்ந்து சீட்டு எழுத எத்தனை பேருக்கு வரும்? உங்கள் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

விமர்சித்தால் சிறை!

1798-ல் பிரான்சோடு கடலில் மோதல். நாடு ஆபத்தில் இருக்கிறது என்ற கூச்சல். அந்தக் கூச்சலின் மறைவில் ஃபெடரலிஸ்டுகள் நான்கு சட்டங்கள் கொண்டு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் குடியுரிமை பெறக் காத்திருக்க வேண்டிய காலம் 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக உயர்ந்தது. ஏன்? வந்தேறிய ஐரிஷ்காரர்கள் ரிபப்ளிகன் பக்கம் ஓட்டுப் போடுகிறார்கள்! ஆபத்தானவர் என்று ஜனாதிபதி கருதும் அந்நியரை விசாரணை இல்லாமல் நாடு கடத்தலாம். அரசாங்கத்தைப் பற்றிப் பொய்யாக, துவேஷமாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை.

இந்த ராஜத்துரோகச் சட்டத்தின் சூழ்ச்சியைக் கவனியுங்கள். ஜனாதிபதியைத் திட்டினால் குற்றம். காங்கிரஸைத் திட்டினால் குற்றம். துணை ஜனாதிபதியைத் திட்டினால்? குற்றமில்லை! ஏனென்றால் துணை ஜனாதிபதி ஜெஃபர்சன். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3. ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் வேளை! அதாவது ஆட்சி மாறினால் அதே வாள் தங்கள் கழுத்துக்கு வரக் கூடாது என்ற முன்யோசனை. பேணுதல் என்றால் இதுவல்லவா பேணுதல்!

முதலில் சிக்கியவர்களில் ஒருவர் வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து ஒப்பந்த ஊழியனாக வந்தவர். ஆடம்ஸைக் கண்டித்து எழுதியதற்காக 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். தொகுதி மக்கள் என்ன செய்தார்கள்? சிறையில் இருந்தவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்! தாமஸ் கூப்பருக்கு 6 மாதம். கேலண்டருக்கு 9 மாதம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பேரனும் பத்திரிகை ஆசிரியருமான பாச் கைது செய்யப்பட்டு, வழக்கு விசாரணைக்கு வருமுன்பே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

இந்த அடக்குமுறையை நடத்தியது அந்நிய மன்னன் அல்ல. பேச்சுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்து ஏழு ஆண்டுகூட ஆகாத ஒரு குடியரசு! எதிர்க்கட்சி என்பதற்கு அங்கீகாரம் இல்லாத இடத்தில், எதிர்த்துப் பேசுவதற்கும் துரோகத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. கட்சியே வேண்டாம் என்ற தத்துவம் கடைசியில் கொண்டு போய் நிறுத்திய இடம் சிறைச்சாலை!

1800: ஓட்டால் விழுந்த ஆட்சி

1800 தேர்தலில் நியூயார்க் நகரத்தில் ஆரோன் பர் என்ற ரிபப்ளிகன் தெருத் தெருவாக வாக்காளர் பட்டியல் போட்டு வேலை பார்த்து மாநிலத்தின் 12 ஓட்டையும் தன் அணிக்குத் திருப்பினார். ஹாமில்டன் பதறிப் போய், புதிய சட்டசபை வருமுன் பழைய சபையைக் கூட்டி விதியையே மாற்றும்படி கவர்னருக்குக் கடிதம் எழுதினார். கவர்னர் யார்? கொடும்பாவி எரிக்கப்பட்ட அதே ஜான் ஜே. ஹாமில்டனின் சொந்த அணிக்காரர். அவர் அந்த அநியாயத்துக்கு உடன்படவில்லை. எதிரணியில் இருந்தாலும் அமானிதம் பேணியவரை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஜெஃபர்சனுக்கு 73, பர்ருக்கும் 73! ஒரே அணியின் இருவருக்கும் சம ஓட்டு. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை இழுபறி. 35 முறை ஓட்டெடுத்தும் முடிவில்லை. 36-வது முறை ஃபெடரலிஸ்டுகள் சிலர் ஒதுங்கினார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் ஃபெடரலிஸ்ட் உறுப்பினர் ஒதுங்கியதால் அந்த மாநிலத்தின் ஓட்டு இன்னோர் உறுப்பினர் கைக்கு வந்தது. யார் அவர்? சிறைக்குப் போன மேத்யூ லயன்! ஆடம்ஸ் அரசாங்கம் சிறையில் அடைத்த கைதான் ஜெஃபர்சனுக்கு ஓட்டுப் போட்டது. சுப்ஹானல்லாஹ்!

மார்ச் 4 அன்று ஆட்சி மாறியது. துப்பாக்கி வெடிக்கவில்லை. தோற்ற ஆடம்ஸ் விடியுமுன்பே ஊரை விட்டுப் புறப்பட்டார். மனக்கசப்புதான், ஆனால் நாற்காலியைக் காலி செய்தார். கட்சிகள் செய்த பெரிய காரியம் இதுதான்: இரத்தம் சிந்தாமல் ஆட்சியைக் கீழே இறக்க ஒரு வழி காட்டின. கட்சி இல்லாத ராஜ்ஜியத்தில் அரசனை இறக்க வாள் வேண்டும், கட்சி இருந்தால் சீட்டு போதும்.

தராசை நேராகப் பிடிப்போம்

இதோடு நிறுத்திவிட்டு ஜெஃபர்சன் வாழ்க என்று கோஷம் போட்டால் நானும் பொய்யனாகி விடுவேன்.

1790 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அந்த அடிமைகளில் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஃபூட்டா ஜாலோனின் ஆட்சிக் குடும்பத்தில் பிறந்த அப்துர் ரஹ்மான் 1788-ல் மிசிசிப்பிக் கரையில் விற்கப்பட்டு 40 ஆண்டுகள் அடிமையாக உழைத்தார். இவர்களுக்கு ஓட்டு உண்டா? இல்லை. ஆனால் கணக்கு உண்டு! ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தது அரசியல் சட்டம். அந்தக் கூடுதல் இடங்கள் இல்லையென்றால் 1800-ல் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். சுதந்திரத்தின் வெற்றி என்று கொண்டாடப்படும் தேர்தல், அடிமைகளின் தலையை எண்ணிப் பெற்ற வெற்றி!

அது மட்டுமா? பேச்சுரிமைக்காகக் கொதித்த ரிபப்ளிகன்கள் ஆட்சிக்கு வந்ததும், நியூயார்க் மாநிலத்தில் ஹாரி கிராஸ்வெல் என்ற ஃபெடரலிஸ்ட் பத்திரிகையாளர் மேல் ஜெஃபர்சனை அவதூறு செய்ததாக வழக்குப் போட்டார்கள். அவருக்காக வாதாட வந்தவர் யார்? ஹாமில்டன்! நாற்காலி மாறியதும் நியாயமும் இடம் மாறியது. இதற்கு மதரசாவில் நாங்கள் படித்த பெயர் அஸபிய்யத்: தன் கூட்டத்தான் செய்தால் சரி, அடுத்தவன் செய்தால் தப்பு என்ற வெறி. கட்சியைக் கெடுப்பது கொடியல்ல, கூட்டமல்ல, இந்த வெறிதான்.

ஃபெடரலிஸ்டுகள் தேய்ந்து மறைந்தார்கள். 1820-ல் ஜேம்ஸ் மன்றோவுக்குப் போட்டியே இல்லை. ஒரே கட்சி, இனிச் சண்டையே இல்லை என்றார்கள். நான்கே ஆண்டுகளில் அந்த ஒரே கட்சிக்குள்ளிருந்து நான்கு பேர் ஜனாதிபதிப் பதவிக்கு மோதினார்கள்! மக்களின் நலன்கள் வேறு வேறாக இருக்கும் வரை அணிகளும் இருக்கும். வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வரும்.

உங்களிடம் ஒரு கேள்வி

இனி அந்தக் கடைத்தெருச் சகோதரருக்கு வருகிறேன்.

சகோதரரே! கட்சி சாக்கடை என்கிறீர்கள். சாக்கடையாகக் கிடக்கும் கட்சிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒதுங்கிப் போனால் கணக்குப் புத்தகம் மூடிக் கொள்ளுமா? சிப்பாயின் சீட்டு யாருக்கு, வரி யார் தலையில், கப்பல் பறிபோனால் யார் கேட்பது, இதெல்லாம் முடிவாகத்தான் போகிறது. நீங்கள் அறையில் இருந்தாலும் முடிவாகும், இல்லாவிட்டாலும் முடிவாகும். 1790-ல் அந்தச் சிப்பாய் அறையில் இல்லை. அவனுக்காகப் பேசியவர்களுக்குப் பின்னால் திரண்ட கூட்டமும் அன்று இல்லை. 13-க்கு 36!

நான்கு படிப்பினைகளை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று: கட்சி வேண்டாம் என்று யாராவது உபதேசம் செய்தால், அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார் என்று பாருங்கள். இரண்டு: எதிர்ப்பவனைத் துரோகி என்று சட்டம் போடுகிறவன், தன் சட்டத்துக்கே தேதி குறித்து வைத்திருப்பான். ஏமாறாதீர்கள். மூன்று: அணி என்பது மேடையில் பிறப்பதில்லை, இரவில் உட்கார்ந்து சீட்டு எழுதும் கைகளில் பிறக்கிறது. நான்கு: உங்கள் அணி வென்ற மறுநாள், எதிரணிக்காரன் மேல் பொய் வழக்கு வந்தால் தடுப்பீர்களா? தடுப்பீர்கள் என்றால் உங்கள் அணிக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் வாஷிங்டன் பயந்தது உங்களைப் பார்த்துத்தான்!

வாசலில் தலையாட்டிய வாலிபர்களே! அடுத்த முறை யாராவது கட்சி சாக்கடை என்றால் தலையாட்டுவதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். ஓட்டு இல்லாமல் எண்ணிக்கைக்கு மட்டும் பயன்பட்ட அந்த 7 லட்சம் பேரை நினையுங்கள். தலையை ஆட்டுகிறவன் தலையை அடுத்தவன் எண்ணிக் கொள்வான்.

எண்ணப்படும் தலையாக இருக்கப் போகிறீர்களா? எண்ணிக் கணக்குக் கேட்கும் கையாக இருக்கப் போகிறீர்களா?

முடிவு உங்கள் கையில்!